ஞாயிறு காலை ஒன்பதரை மணி: ‘ராமாயண்’ தொடரும் அதன் முகங்களும்

1987ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, காலை 9.30 மணி. இந்தியாவின் அரசுத் தொலைக்காட்சியான தூர்தர்ஷன் ‘ராமாயண்’ என்ற இந்தித் தொடரின் முதல் பகுதியை ஒளிபரப்பியது. வாரத்திற்கு ஒன்றாக 78 பகுதிகள் ஓடி, 1988 ஜூலை 31ஆம் தேதி ராமரின் பட்டாபிஷேகத்தோடு அது நிறைவுபெற்றது. தயாரித்து இயக்கியவர் ராமானந்த் சாகர்.

இந்த ஒன்றரை ஆண்டுக் காலத்தில் அந்தத் தொடரில் நடித்தவர்கள் நடிகர்களாக இல்லாமல் போய்விட்டார்கள். ராமராக வந்தவர் ராமர், சீதையாக வந்தவர் சீதை என்றே மக்கள் எடுத்துக்கொண்டார்கள். அந்தப் பெயர் அவர்களுக்கு மரியாதையையும் பதவியையும் தந்தது. பிழைப்புக்கான வேடங்களைப் பறித்துக்கொண்டதும் அதே பெயர்தான். இன்று பழைய தொடர்களைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தொடர் என்பதால், அது உருவான விதத்தையும் அந்த முகங்களுக்கு நேர்ந்ததையும் தெரிந்துகொள்வது நல்லது. அவர்களில் ஒருவர் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் குஸ்தி பிடித்துப் பெயர் எடுத்தவர் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது.

சாகரும் சென்னையும்

ராமானந்த் சாகர் 1917ல் லாகூர் அருகே பிறந்தவர். இயற்பெயர் சந்திரமௌலி சோப்ரா. பிரிவினையின்போது எல்லாவற்றையும் விட்டுவிட்டு பம்பாய்க்கு வந்தார். ராஜ் கபூரின் ‘பர்சாத்’ (1949) படத்திற்குக் கதை எழுதியது அவர்தான். பிறகு அவருடைய பாதை சென்னைப் பக்கம் திரும்பியது. ஜெமினி அதிபர் எஸ்.எஸ்.வாசன் இந்தியில் எடுத்த ‘பைகாம்’ படத்திற்கு வசனம் எழுதி விருது வாங்கினார். திலீப் குமார் நடித்த அந்தப் படம்தான் சிவாஜி நடிப்பில் ‘இரும்புத்திரை’ என்று தமிழுக்கு வந்தது. ஜெமினிக்காக ‘கூங்கட்’, ‘ஜிந்தகி’ ஆகிய படங்களை சாகரே இயக்கினார். ஆக, ராமாயணத்தைச் சின்னத்திரைக்குக் கொண்டுவந்தவர் சென்னை ஸ்டூடியோ வாடையை நன்றாக அறிந்தவர்.

அந்நாளில் இந்தியாவில் இருந்தது ஒரே ஒரு தொலைக்காட்சி நிறுவனம்தான். வண்ண ஒளிபரப்பு அங்கு 1982ல், டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டித்தான் பரவியது. சிங்கப்பூரில் 1974லேயே வண்ணம் வந்துவிட்டது. மலேசியாவில் 1978 இறுதியில் வந்தது. இந்த விஷயத்தில் நாம் இந்தியாவுக்கு முந்தி. 1984ல் தொடங்கிய ‘ஹம் லோக்’ இந்தியாவின் முதல் குடும்பத் தொடர். அதன் பிறகு பிரிவினையைப் பற்றிய ‘புனியாத்’ வந்தது. குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் பெட்டியின் முன் உட்காரும் பழக்கத்தை இந்த இரண்டும் ஏற்படுத்தியிருந்தன.

சாகர் நேராக ராமாயணத்தில் இறங்கிவிடவில்லை. முதலில் வேதாளம் கதையை ‘விக்ரம் அவுர் பேதாள்’ என்று எடுத்துப் பார்த்தார். அதில் விக்கிரமாதித்தனாக நடித்தவர் அருண் கோவில். (அவருடைய குடும்பப் பெயரைத் தமிழில் எழுதினால் ‘கோவில்’ என்றே வந்துவிடுகிறது. தற்செயல்தான், ஆனால் பொருத்தமாக அமைந்துவிட்டது.) ராமாயணத்தில் சீதையாகவும் இலட்சுமணராகவும் நடித்த தீபிகா சிக்லியா, சுனில் லாஹ்ரி ஆகியோரும் வேதாளத் தொடரிலேயே தலைகாட்டியவர்கள்.

குஜராத்தின் கடலோர ஊரான உம்பர்காவில் அரங்கு போட்டுப் படப்பிடிப்பு நடந்தது. இசை ரவீந்திர ஜெயின். பிறவியிலேயே பார்வை இல்லாதவர் அவர். கதை பெரும்பாலும் வால்மீகியையும் துளசிதாசரையும் ஒட்டிப் போகும். ஆனால் தொடரின் தலைப்புக் காட்சியில் மற்ற மொழி ராமாயணங்களுக்கும் நன்றி சொல்லியிருந்தார்கள். அந்த வரிசையில் நம் கம்பராமாயணமும் உண்டு.

இன்றைய கண்ணுக்கு அந்தத் தொடர் மெதுவாக நகர்வதாகத் தோன்றும். ஒருவர் ஒரு செய்தி சொன்னால், கேட்டுக்கொண்டிருக்கும் ஒவ்வொருவரின் முகத்தையும் கேமரா தனித்தனியாகக் காட்டும். அம்புகள் வானத்தில் நேருக்கு நேர் மோதித் தீப்பொறி பறக்கும். அந்தத் தந்திரக் காட்சிகளைப் பார்த்து இப்போது பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்நாள் பத்திரிகை விமர்சகர்களில் சிலரும் இதே குறைகளைத்தான் எழுதினார்கள். மக்கள் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. முகத்தை நின்று பார்ப்பதற்குத்தான் அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். சன்னதியில் திரை விலகியதும் மூலவரைக் கண்கொட்டாமல் பார்ப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை. சாகர் இதைப் புரிந்துகொண்டே படம் பிடித்தார் என்று சொல்லலாம்.

தொலைக்காட்சிப் பெட்டிக்கு மாலை

தொடர் ஓடிய காலத்தில் ஞாயிறு காலை வட இந்திய நகரங்களின் கடைத்தெருக்கள் வெறிச்சோடின என்று செய்திகள் வந்தன. பல வீடுகளில் குளித்து முடித்துவிட்டுத்தான் தொடரைப் பார்த்தார்கள். பெட்டிக்குப் பொட்டு வைத்து, மாலை போட்டு, ஊதுபத்தி ஏற்றினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும் என்று சொன்ன வீடுகளும் உண்டு. பெட்டி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டிலும் டீக்கடையிலும் கூடினார்கள். பெட்டி ஒன்று, பார்ப்பவர் இருபது பேர். நம் தோட்டங்களில் தொலைக்காட்சி வந்த புதிதில் லயத்துக் குடும்பங்கள் ஒரே வீட்டின் ஐந்தடியில் நெருக்கியடித்து உட்கார்ந்த காலத்தை நினைத்துக்கொண்டால் இது எளிதில் புரியும்.

தமிழ்நாட்டிலும் இதைப் பார்த்தார்கள் என்பதுதான் விசேஷம். இந்தி எதிர்ப்புப் போராட்டம் நடந்து இருபது ஆண்டுகள் ஆகியிருந்த மாநிலம் அது. தொடர் முழுக்க இந்தி, அதுவும் சமஸ்கிருதம் கலந்த கனமான இந்தி. ஆனால் கதை தெரிந்த கதை. யார் யாரிடம் என்ன சொல்கிறார்கள் என்று வீட்டிலிருக்கும் பாட்டி முன்கூட்டியே சொல்லிவிடுவார்.

தமிழர்கள் இந்தத் தொடருக்கு வெறுங்கையோடு வரவும் இல்லை. அவர்களுக்கு ராமர் என்றால் ஏற்கனவே ஒரு முகம் இருந்தது. 1958ல் வந்த ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் என்.டி.ராமாராவ் ராமராகவும், பத்மினி சீதையாகவும், சிவாஜி பரதனாகவும் நடித்திருந்தார்கள். அதில் டி.கே.பகவதி ஏற்ற இராவணனைப் பெரியவர்கள் இன்றும் மறக்கவில்லை. திரையில் தெய்வமாக நின்ற ராமாராவ் 1983ல் ஆந்திராவின் முதல்வரே ஆகிவிட்டார். வேடத்தைக் கும்பிடுவது வட இந்தியாவில் தொடங்கிய புதுப் பழக்கம் அல்ல. தெருக்கூத்தில் வேடம் கட்டியவருக்கு ஆரத்தி எடுக்கும் வழக்கம் அதைவிடப் பழையது.

மலேசியத் தமிழருக்கு இன்னொரு பக்கத்திலிருந்தும் இந்தக் கதை பழக்கம். கிளந்தானின் வாயாங் கூலிட் நிழற்கூத்தில் செரி ராமாவின் கதை நெடுங்காலமாக ஆடப்பட்டு வருகிறது. மலாய் ஏடுகளில் ‘ஹிகாயத் செரி ராமா’ என்றே ஒரு நூல் உண்டு.

இந்தியாவுக்கு வெளியே வாழ்ந்தவர்களுக்கு அந்நாளில் தொடர் வந்து சேர்ந்தது பெரும்பாலும் வீடியோ கேசட்டில்தான். இதில் ஒரு வசதி இருந்தது. இந்தியாவில் ஒரு வாரம் காத்திருந்து பார்த்ததை, கேசட் கிடைத்தவர்கள் ஒரே இரவில் நான்கைந்து பகுதிகளாகப் பார்த்தார்கள். சீதையை இராவணன் தூக்கிக்கொண்டு போன பிறகு அடுத்த ஞாயிறு வரை தவிக்கும் அனுபவம் அவர்களுக்கு இல்லை.

சிங்கப்பூரில் தேறிய அனுமார்

தொடரில் அனுமாராக வந்தவர் தாரா சிங். நடிகராக மட்டும் அவரை அறிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கலாம். அவருடைய பெயர் முதலில் உயர்ந்தது நம் பக்கத்தில்தான்.

பஞ்சாபின் அமிர்தசரஸ் மாவட்டத்தில் 1928ல் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் தாரா சிங். 1947ல், இருபது வயது நிரம்பாத நிலையில் சிங்கப்பூருக்கு வந்தார். பீப்பாய் செய்யும் ஆலையில் வேலை. அந்த வேலையோடு, ஹர்னாம் சிங் என்பவரிடம் கிரேட் வோர்ல்ட் அரங்கில் குஸ்தி பயின்றார். நியூ வோர்ல்ட், கிரேட் வோர்ல்ட், ஹேப்பி வோர்ல்ட் என்ற மூன்று பொழுதுபோக்குப் பூங்காக்கள் அன்றைய சிங்கப்பூரில் பிரபலம். சினிமா, ஆட்டம், சர்க்கஸ், குத்துச்சண்டை, குஸ்தி என்று எல்லாம் அங்கே நடக்கும். தினக்கூலி வாங்கியவர்கள் மாலையில் காலாற நடந்துபோய்ப் பார்த்த இடங்கள் அவை.

பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங்கைத் தோற்கடித்து மலேயா வெற்றிவீரர் பட்டத்தைக் கைப்பற்றினார் தாரா சிங். அதற்குப் பிறகுதான் இந்தியாவில் அவர் பெயர் பரவியது. 1959ல் கல்கத்தாவில் ஜார்ஜ் கோர்டியென்கோவை வென்று காமன்வெல்த் பட்டம். 1968 மே 29ஆம் தேதி பம்பாயில் அமெரிக்காவின் லூ தெஸை வென்று உலகப் பட்டம்.

பழைய தலைமுறைக்கு இன்னொரு பெயரும் உடனே நினைவுக்கு வரும்: கிங் காங். ஹங்கேரியில் பிறந்த எமில் சாயா என்பவர்தான் அந்தப் பெயரில் மோதியவர். எடை 200 கிலோவை நெருங்கும். சிங்கப்பூரிலேயே குடியேறிவிட்ட அவர், 1970ல் ஒரு கார் விபத்தில் காயமடைந்து இறந்தார். தாரா சிங்கும் கிங் காங்கும் மோதுகிறார்கள் என்றால் அரங்கம் நிறைந்துவிடும். ஆறடிக்கு மேல் உயரமான தாரா சிங் அந்த மலை மனிதரைத் தூக்கிச் சுழற்றி எறியும் கதையைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்காத குடும்பம் அந்தக் காலத்தில் குறைவு.

அந்தப் புகழே அவரை இந்திப் படங்களுக்கு இழுத்தது. 1962ல் அவர் நாயகனாக நடித்த படத்தின் பெயரே ‘கிங் காங்’தான். மும்தாஜோடு ஜோடியாகப் பல படங்கள். 1976ல் ‘பஜ்ரங்பலி’ படத்தில் முதன்முதலாக அனுமார் வேடம் கட்டினார். எனவே சாகர் ராமாயணம் எடுக்க நினைத்தபோது அனுமாருக்காக ஊரெல்லாம் தேடவேண்டிய தேவை இருக்கவில்லை.

தொடர் தொடங்கும்போது தாரா சிங்குக்கு 58 வயது. கனமான ஒப்பனை, வால், கதாயுதம் எல்லாம் சுமந்து அந்த வயதில் அவர் நடித்தார். அவருடைய குரலில் பஞ்சாபி வாடை அடிக்கும். அனுமார் பஞ்சாபி உச்சரிப்பில் பேசுகிறாரே என்று யாரும் குறை சொன்னதாகத் தெரியவில்லை. மலையைத் தூக்கியவர் என்று நம்பவைக்க அவருக்குத் தனியாக நடிப்பு தேவைப்படவில்லை. உடம்பே போதுமானதாக இருந்தது. அடுத்து வந்த ‘மகாபாரத்’ தொடரிலும் அனுமார் அவர்தான். 2003ல் இந்திய மேலவையான ராஜ்யசபாவுக்கு நியமிக்கப்பட்டார். விளையாட்டுத் துறையிலிருந்து அப்படி நியமனம் பெற்ற முதல் ஆள் அவர். 2012 ஜூலை 12ஆம் தேதி மும்பையில் காலமானார்.

சிகரெட் பிடித்த ராமர்

தாரா சிங் வேடத்திற்கு வரும்போதே வாழ்க்கையில் ஜெயித்து முடித்திருந்தார். அருண் கோவிலின் நிலை வேறு. மீரட்டில் பிறந்த அவர் 1979ல் வந்த ‘சாவன் கோ ஆனே தோ’ படத்தின் வெற்றியால் நல்ல குடும்பக் கதாநாயகன் என்று பெயர் வாங்கியிருந்தார். ராமர் வேடம் கேட்டுப் போனபோது முதலில் அவரை வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பின்னர் இதழோரத்தில் லேசான ஒரு புன்னகையைச் சேர்த்துக்கொண்டபோது முகம் அமைந்துவிட்டதாம். தொடர் முழுவதும், வனவாசம் போகும்போதுகூட, அந்தப் புன்னகை மறையாது.

தொடருக்குப் பிறகு நடந்த ஒரு சம்பவத்தை அவர் சொல்வதுண்டு. தமிழ்ப் படம் ஒன்றில் திருப்பதி பெருமாளாக நடித்துக்கொண்டிருந்தார். அப்போது அவருக்குச் சிகரெட் பழக்கம் உண்டு. மதிய இடைவேளையில் ஒரு திரைக்குப் பின்னால் போய்ப் பற்றவைத்தார். அங்கே வந்த ஒருவர் கோபமாக ஏதோ கத்தினார். அருணுக்குத் தமிழ் தெரியாது. பக்கத்திலிருந்தவரிடம் கேட்டபோது, ‘உங்களை நாங்கள் ராமராகக் கும்பிடுகிறோம், நீங்கள் இப்படிப் புகைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்களே’ என்ற பொருளில் அவர் திட்டுவதாகச் சொன்னார்கள். அன்றோடு சிகரெட்டை விட்டுவிட்டதாக அருண் கூறுகிறார்.

கேட்பதற்கு நல்ல கதை. ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் இருக்கிறது. படப்பிடிப்பு இடைவேளையில்கூட மனிதனாக இருக்க முடியாதவருக்கு எந்தத் தயாரிப்பாளர் வில்லன் வேடம் கொடுப்பார்? காதலியோடு மரத்தைச் சுற்றி ஆடும் வேடம் எப்படிக் கிடைக்கும்? முப்பதுகளிலேயே அவருக்கு வணிகப் படங்களின் கதவு ஏறக்குறைய மூடிவிட்டது. இதையும் அவர் மறைக்காமல் பேசியிருக்கிறார். கிடைத்ததெல்லாம் மீண்டும் புராண வேடங்கள்தான். தீபிகாவும் தமிழ் உள்பட சில தென்னிந்திய மொழிப் படங்களில் நடித்துப் பார்த்தார். கொஞ்ச காலத்தில் திருமணம் செய்துகொண்டு ஒதுங்கிவிட்டார். போகிற இடமெல்லாம் வயதானவர்கள்கூட அவர் காலைத் தொட வந்தார்கள்.

இராவணனாக நடித்த அரவிந்த் திரிவேதிக்கு இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை. அவர் குஜராத்தி மேடையிலும் சினிமாவிலும் ஏற்கனவே பெரிய நடிகர். சாகரிடம் அவர் கேட்டுப் போனது ஓடக்காரர் கேவட் வேடத்தை. ராமரின் காலைக் கழுவிவிட்டுத்தான் படகில் ஏற்றுவேன் என்று அடம்பிடிக்கும் அந்த பக்தர் துளசிதாசரிடம் வருபவர். கம்பனைப் படித்தவர்களுக்கு அந்த இடத்தில் குகன் நினைவுக்கு வருவான். பேசிவிட்டுத் திரும்பி நடந்தபோது அந்த நடையையும் தோரணையையும் பார்த்துத்தான் சாகர் இராவணன் கிடைத்துவிட்டார் என்று முடிவு செய்தாராம். நிஜ வாழ்க்கையில் திரிவேதி தீவிர ராம பக்தர்.

சிறு வேடங்களில் இருந்தவர்களையும் சொல்லவேண்டும். மந்தரையாக (நம் வழக்கில் கூனி) வந்தவர் லலிதா பவார். 1940களில் ஒரு படப்பிடிப்பில் வாங்கிய அறையால் இடக்கண் பாதிக்கப்பட்டு, கதாநாயகி வாய்ப்பை இழந்தவர். அந்தக் கண்ணையே பிற்பாடு கொடுமைக்கார மாமியார் வேடங்களுக்கு மூலதனமாக்கிக்கொண்டார். தசரதராக வந்த பால் துரியும் கோசலையாக வந்த ஜெயஸ்ரீ கட்கரும் நிஜத்திலும் கணவன் மனைவி.

துப்புரவுத் தொழிலாளர்கள் நிறுத்திய வேலை

1988 ஜூலையில் பட்டாபிஷேகத்தோடு தொடர் முடிந்தது. உத்தர காண்டம், அதாவது சீதையைக் காட்டுக்கு அனுப்புவதும் லவனும் குசனும் பிறப்பதும், அதில் இல்லை. எடுக்கும் திட்டமும் இருக்கவில்லை. அப்போது எவரும் எதிர்பாராத இடத்திலிருந்து எதிர்ப்பு வந்தது.

பஞ்சாபின் ஜலந்தர் நகரத் துப்புரவுத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். கோரிக்கை சம்பளம் அல்ல. உத்தர காண்டத்தையும் காட்டவேண்டும் என்பதே. அந்தத் தொழிலாளர்களில் பெரும்பாலோர் தங்களை வால்மீகி சமூகத்தினர் என்று அழைத்துக்கொள்பவர்கள். தீண்டாமைக்கு ஆளான மக்கள். ராமாயணத்தை எழுதிய வால்மீகி முனிவரே தங்கள் குரு என்பது அவர்கள் நம்பிக்கை. உத்தர காண்டத்தில்தான் வால்மீகி கதைக்குள்ளேயே வருகிறார். கைவிடப்பட்ட சீதைக்கு அடைக்கலம் கொடுப்பவர் அவர். ராமரின் பிள்ளைகளுக்கு ஆசானும் அவரே. அந்தப் பகுதியை விட்டுவிட்டால் தங்கள் குருவையே கதையிலிருந்து வெளியே தள்ளியதாக ஆகிவிடும் என்று அவர்கள் கருதினார்கள்.

வேலைநிறுத்தம் வட இந்தியாவின் மற்ற நகரங்களுக்கும் பரவியது. குப்பை மலையாகக் குவிந்தது. அரசாங்கம் இறங்கிவந்தது, தொடரை நீட்டிக்க ஏற்பாடு ஆனது. அப்படி வந்ததுதான் 39 பகுதிகள் கொண்ட ‘லவ குசா’ தொடர். அதில் குசனாக நடித்த சிறுவன் ஸ்வப்னில் ஜோஷி பின்னாளில் மராத்திப் படங்களின் முன்னணி நடிகரானார்.

தொலைக்காட்சித் தொடர் ஒன்றுக்காக நடந்த இந்தப் போராட்டத்தைச் சிலர் வேடிக்கைச் செய்தியாக எழுதினார்கள். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் ஒரு காலத்தில் தெருக்கூட்டிய கைகள் பெரும்பாலும் தமிழர்களின் கைகள். ஊர் கொண்டாடும் கதையில் தங்களுக்கும் ஓர் இடம் வேண்டும் என்று கேட்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது அந்தக் குடும்பங்களில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். பழைய தொடர்களைப் பற்றிய நினைவுகளில் நட்சத்திரங்களின் படம் மட்டுமே மிஞ்சுகிறது. ஜலந்தர் தொழிலாளர்களை யாரும் நினைப்பதில்லை. தொடரின் முடிவையே மாற்றியவர்கள் அவர்கள்தான்.

இந்த வேலைநிறுத்தத்தை ஆய்வாளர்கள் மறக்கவில்லை. பவுலா ரிச்மன் 1991ல் தொகுத்து வெளியிட்ட ‘மெனி ராமாயணாஸ்’ என்ற ஆங்கில நூல் இந்தத் தொடரையும் போராட்டத்தையும் பற்றிய பேச்சோடுதான் ஆரம்பிக்கிறது. வால்மீகி அகலிகையும் கம்பன் அகலிகையும் எப்படி வேறுபடுகிறார்கள் என்று காட்டும் ஏ.கே.ராமானுஜனின் புகழ்பெற்ற கட்டுரையும் அதில்தான் இருக்கிறது. ராமாயணங்கள் பல இருக்க, ஒரே ஒரு தொடர் எல்லா வீட்டிற்கும் ஒரே ராமாயணத்தைக் கொண்டு சேர்த்துவிடுகிறதே என்பது ரொமிலா தாப்பர் போன்ற வரலாற்றாசிரியர்களின் கவலை. அந்தக் கவலையில் நியாயம் உண்டு. தலைப்பில் கம்பனுக்கு நன்றி சொன்னாலும், திரையில் நாம் பார்த்தது பெரும்பாலும் வடநாட்டு ராமரைத்தான்.

அடுத்து வந்த மகாபாரதம்

‘ராமாயண்’ விட்ட ஞாயிறு காலையை 1988 அக்டோபர் 2ஆம் தேதி பி.ஆர்.சோப்ராவின் ‘மகாபாரத்’ எடுத்துக்கொண்டது. 94 பகுதிகள். வேகமும் வசனமும் இதில் ஒரு படி மேல். வசனம் எழுதியவர் ராஹி மாசூம் ரசா, உருது, இந்தி எழுத்தாளர். முஸ்லிம் ஒருவர் மகாபாரதம் எழுதுவதா என்று எதிர்ப்புக் கடிதங்கள் வந்தபோது, தான் கங்கையின் மகன் என்று அவர் பதில் கொடுத்தது பிரபலம். காலமே கதை சொல்வதாக அமைத்தது அந்தத் தொடரின் நல்ல உத்தி. அந்தக் குரல் ஹரீஷ் பிமானியுடையது.

கர்ணன் என்றால் சிவாஜி, கிருஷ்ணர் என்றால் என்.டி.ஆர். என்று 1964லேயே முடிவு செய்துவிட்ட தமிழர்கள்கூட நிதீஷ் பரத்வாஜின் கிருஷ்ணரை ஏற்றுக்கொண்டார்கள். துரியோதனனாக வந்த புனீத் இஸ்ஸார், 1982ல் ‘கூலி’ படப்பிடிப்பில் விட்ட குத்தில்தான் அமிதாப் பச்சன் உயிருக்குப் போராடினார். அதன் பிறகு வாய்ப்புகள் குறைந்து கிடந்தவருக்கு மறுவாழ்வு கொடுத்தது இந்தத் தொடர். பீமன் வேடம் கட்டிய பிரவீண் குமார் நிஜமாகவே பலசாலி. 1966லும் 1970லும் பாங்காக் ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் வட்டு எறிதலில் தங்கம் வென்றவர். 2022 பிப்ரவரியில் இறந்தார்.

வேடத்திலிருந்து நாடாளுமன்றத்திற்கு

இந்தப் புகழை அரசியல் கட்சிகள் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. 1991 பொதுத்தேர்தலில் பாரதிய ஜனதா கட்சியின் சார்பில் சீதையும் இராவணனும் போட்டியிட்டார்கள். தீபிகா பரோடாவிலும் திரிவேதி சபர்காந்தாவிலும் வென்றார்கள். திரையில் எதிரெதிரே நின்ற இருவரும் நாடாளுமன்றத்தில் ஒரே கட்சி வரிசையில் அமர்ந்தார்கள். 1996ல் கிருஷ்ணரான நிதீஷ் பரத்வாஜும் ஜாம்ஷெட்பூரில் ஜெயித்தார். அயோத்தி விவகாரம் சூடுபிடித்த ஆண்டுகளும் அவையே. தொலைக்காட்சி ராமாயணத்திற்கும் அந்த அரசியலுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி அரவிந்த் ராஜகோபால் தனி நூலே எழுதியிருக்கிறார். தொடர்தான் எல்லாவற்றிற்கும் காரணம் என்று சொல்வது மிகை. ஆனால் அந்த முகங்கள் வாக்குக் கேட்டபோது மக்கள் யாருக்கு வாக்களித்தார்கள், நடிகருக்கா தெய்வத்திற்கா என்பது நியாயமான கேள்விதான்.

ராமரின் முறை கடைசியாக வந்தது. 2024ல் அருண் கோவில் சொந்த ஊரான மீரட்டில் நின்று பத்தாயிரத்துச் சொச்சம் வாக்குகள் வித்தியாசத்தில்தான் வென்றார். ராமருக்கு இது மிகக் குறைந்த வித்தியாசம் என்று பலரும் குறிப்பிட்டார்கள்.

முடக்கக் காலத்தில் மறு ஒளிபரப்பு

2020 மார்ச் மாதம் கோவிட் கிருமியால் இந்தியா முழுவதும் முடக்கம். புதிய தொடர்களின் படப்பிடிப்பு நின்றுபோனது. மார்ச் 28ஆம் தேதி முதல் தூர்தர்ஷன் ‘ராமாயண்’ தொடரை மீண்டும் போட்டது, காலை ஒன்பது, இரவு ஒன்பது என்று நாளுக்கு இரண்டு முறை. நூற்றுக்கணக்கான அலைவரிசைகளுக்கு நடுவே யாரும் கவனிக்காமல் கிடந்த தூர்தர்ஷன் சில வாரங்களுக்கு எல்லோரையும் முந்திக்கொண்டு ஓடியது.

ஏப்ரல் 16ஆம் தேதி மட்டும் 7 கோடியே 70 லட்சம் பேர் பார்த்ததாகவும், இது உலக சாதனை என்றும் தூர்தர்ஷன் அறிவித்தது. அந்த ‘உலக சாதனை’யை அப்படியே நம்பவேண்டியதில்லை. அமெரிக்காவின் ‘மேஷ்’ தொடரின் கடைசிப் பகுதியை 1983ல் 10 கோடிக்கும் அதிகமானோர் பார்த்ததாகக் கணக்கு இருக்கிறது என்று அப்போதே பலர் சுட்டிக்காட்டினார்கள். சாதனையோ இல்லையோ, 33 ஆண்டுப் பழைய தொடர் ஒன்றை ஒரே நாளில் அத்தனை பேர் பார்த்தார்கள் என்பது சிறிய செய்தி அல்ல.

அப்படிப் பார்த்தவர்களில் அரவிந்த் திரிவேதியும் ஒருவர். அப்போது அவருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. வீட்டில் அவர் தொடரைப் பார்க்கும் சிறு காணொளி ஒன்று இணையத்தில் பரவியது. திரையில் இராவணன் சீதையைக் கவர்ந்து செல்லும் காட்சி ஓடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் முதியவர், தான் நடித்த அந்தக் காட்சியைப் பார்த்து இரு கைகளையும் கூப்புகிறார். அடுத்த ஆண்டு அக்டோபரில் அவர் காலமானார்.